பழைய காரின் பின்புறத்தில் மூன்று விதமான சத்தம்: எதிலிருந்து தொடங்குவது?

பின்னிருக்கைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கார் 15 ஆண்டு பழையது. 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முன்சக்கர இழுவை கொண்ட சிறிய ஹேட்ச்பேக். பின்னால் டார்ஷன் பீம் எனப்படும் குறுக்கு அச்சு, அதன்மேல் தனித்தனியாகச் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும், சக்கரங்களில் டிரம் பிரேக். கடந்த சில மாதங்களாக இதன் பின்புறத்திலிருந்து வரும் சத்தம் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. சத்தம் என்று ஒருமையில் சொல்வதே தவறோ என்று இப்போது தோன்றுகிறது. உன்னிப்பாகக் கேட்டால் மூன்று வகை தெரிகிறது. மேடுபள்ளமான சாலையில் மெதுவாகப் போகும்போது இடப்பக்கப் பின்சக்கரத்தின் அருகே 'டொக், டொக்' என்று தட்டுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் வண்டு முரல்வதுபோல ஓர் இரைச்சல் கிளம்பி, வேகம் ஏற ஏற அதுவும் ஏறி, 80-இல் பின்னால் இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேசவேண்டிய அளவுக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது, சில காலை வேளைகளில் வண்டியை நகர்த்தும்போது 'டங்' என்று ஒரே ஒரு முறை கேட்கும்; பிறகு அன்று முழுவதும் வராது.

பட்டறையில் காட்டியபோது பின் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்திருக்கிறது என்று சொல்லி இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. இப்போது சக்கரம் உராயாமல் சுழல உதவும் பேரிங்குகளையும் பின்னால் இரு பக்கமும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் அடுத்தது என்ன என்று கேட்டேன், விடை வரவில்லை. ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

முறுக்குச்சாவி எழுதியது:

வேறு எதைச் செய்வதற்கும் முன்னால், இன்றைக்கே, நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் சரியான முறுக்கத்துக்கு இறுக்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். ஷாக் மாற்றும்போது சக்கரங்களைக் கழற்றியிருப்பார்கள். தளர்ந்த நட்டும் 'டொக்' என்றுதான் தட்டும், ஆனால் அது தட்டிக்கொண்டே இருக்காது. ஒரு நாள் சக்கரம் கழன்று போகும்.

அடுத்து, எந்தப் பாகம் கெட்டது என்ற கேள்வியைக் கொஞ்ச காலம் மறந்துவிட்டு, சத்தம் எப்போது வருகிறது, என்ன செய்தால் நிற்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து எஞ்சின் வேகத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நிற்கும்போதே சத்தம் கேட்டால் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் அதில் பங்கில்லை. சைலன்சரையும், அதன்மேல் உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டையும், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்களையும் பார்க்கவேண்டும். நிற்கும்போது கேட்கவில்லை என்றால், போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் இரைச்சல் வரும் வேகத்துக்குப் போய், நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை அதன்போக்கில் உருளவிடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள்; பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். எஞ்சின் ஓய்வுவேகத்துக்கு இறங்கிய பிறகும் இரைச்சல் குறையாமல் தொடர்ந்தால், அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று.

தட்டும் சத்தத்துக்கு வேறு சோதனை. அதே மேடுபள்ளத்தில் ஒரு முறை சாதாரணமாகவும், ஒரு முறை பிரேக்கை இலேசாக மிதித்தபடியும், ஒரு முறை பின்னால் இரண்டு பேரை உட்காரவைத்தும் போய்ப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மூன்றாம்கியர் எழுதியது:

மேலே சொன்ன சோதனைகளுக்கும் முன்னால், டிக்கியை முழுவதுமாகக் காலி செய்யுங்கள். முழுவதுமாக என்றால், ஸ்டெப்னி, ஜாக்கி, சக்கர ஸ்பேனர், அவற்றை மூடியிருக்கும் அட்டை, பின் கண்ணாடியின் கீழே உள்ள தட்டு எல்லாமும். பழைய வண்டிகளில் ஜாக்கியை இறுக்கிப் பிடிக்கும் ரப்பரோ திருகோ எப்போதோ தொலைந்திருக்கும். இரும்புக் குழிக்குள் அது புரளும் சத்தம் சஸ்பென்ஷன் சத்தத்தைப்போலவே கேட்கும்.

இதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது. ஆறு வாரம் நான் துரத்திய ஒரு 'டக் டக்' ஓசைக்காக, சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ் எனப்படும் ரப்பர் உறைகள் இரண்டையும் ஒரு ஷாக்கையும் மாற்றினேன். கடைசியில் பின்னிருக்கையில் படுத்துக்கொண்டு வந்த என் மருமகன்தான், யாரும் அணியாத சீட் பெல்ட்டின் கொக்கி கதவோரப் பிளாஸ்டிக்கில் மோதுவதைப் பார்த்துச் சொன்னான். பின்னிருக்கையின் சாய்வைப் பூட்டும் தாழ், டிக்கிக் கதவின் பூட்டு மாட்டும் கொக்கி, நம்பர் பிளேட் ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. தாழின்மேலும் கொக்கியின்மேலும் ஒரு சுற்று துணி நாடா ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பட்டறைவாசி எழுதியது:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். முந்தைய இருவரும் சொன்ன வரிசை சரி, அதை மாற்றவேண்டாம். நான் அதனோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன், ஏனெனில் சத்தத்தின் சுருதியைவிட அதன் எண்ணிக்கை பொய் சொல்லாது.

உங்கள் வண்டியைப் போன்ற சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் உருளும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சுற்றும். நடை வேகத்தில் ஒன்றரை விநாடிக்கு ஒரு சுற்று. ஆகவே, சமதளத்தில் மெதுவாக உருளும்போது ஒரு சத்தம் இந்தத் தாளத்தில், சீராக, இடைவிடாமல் வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் பொருள்: டயரில் பதிந்த கல், வட்டம் கெட்ட டிரம், வயிறு உப்பிய டயர். இவற்றில் உப்பிய டயர் ஆபத்தானது. உட்புறப் பக்கவாட்டையும் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். தாளமே இல்லாமல் சாலையின் மேடுபள்ளத்தோடு மட்டும் வந்தால் அது சஸ்பென்ஷன் அல்லது தளர்ந்த சாமான். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒன்பது சுற்றை நெருங்கிவிடுவதால், அங்கே காது எண்ண முடியாது. தட்டல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே முரல்வாகிவிடும்.

இனி அந்த முரல்வைப் பற்றி. பேரிங் தேய்ந்தால் வரும் இரைச்சலும், டயர் ஒழுங்கற்றுத் தேய்ந்தால் வரும் இரைச்சலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரட்டைப் பிள்ளைகள். பிரித்தறிய இரண்டு கேள்விகள் உண்டு. முதலாவது, அகலமான, ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்தில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைத்தால் இரைச்சல் மாறுகிறதா? இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது; அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்கைத்தான் சந்தேகிக்கவேண்டும். இரண்டாவது, கரடுமுரடான தாரிலிருந்து வழவழப்பான புதுத் தாருக்கு மாறும்போது இரைச்சலின் தன்மை மாறுகிறதா? பேரிங்குக்குச் சாலை எப்படி இருந்தாலும் ஒன்றுதான். டயருக்கு அப்படியில்லை.

காலை 'டங்' சத்தத்துக்கு அதிகம் யோசிக்கவேண்டாம். முந்தைய இரவு மழை பெய்ததா, வண்டியைக் கழுவினீர்களா, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினீர்களா என்று மட்டும் பாருங்கள்.

இரும்புக்கை எழுதியது:

பட்டறைவாசியின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் ஸ்டீயரிங்கை அசைக்கும் சோதனையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. என்னுடைய வண்டியில் பின் பேரிங் போனபோது எந்தப் பக்கம் திருப்பினாலும் இரைச்சல் ஒரே மாதிரிதான் இருந்தது. பிரித்தபோது உருளும் பாதையில் குழிகள் விழுந்திருந்தன. 1,40,000 கிலோமீட்டர் ஓடிய பேரிங்கை மாற்றுவதில் நட்டம் ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. பேரிங்கைக் காத்திருக்க வைத்து வேடிக்கை பார்ப்பது நல்லதல்ல.

பட்டறைவாசி எழுதியது:

அந்தச் சோதனை சில வேளைகளில் ஏமாற்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாறினால் அது சாட்சி. மாறாவிட்டால் அது எதற்கும் சாட்சியில்லை. ஆனால் 'எப்படியும் பழையதுதானே' என்ற காரணத்துக்காக மாற்றினால், 15 ஆண்டு வண்டியில் மாற்றக்கூடாத பாகம் என்று எதுவும் மிஞ்சாது. இந்த நண்பருக்கு ஷாக் விஷயத்தில் நடந்தது அதுவே. முதலில் அவர் எழுதட்டும்.

பின்னிருக்கைவாசி எழுதியது:

இரண்டு விடுமுறை நாள்களில் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். நட்டுகள் சரியாக இருக்கின்றன. டிக்கியைக் காலி செய்ததில், நான் கணக்கிலேயே எடுக்காத நாலாவது சத்தம் ஒன்று போய்விட்டது, ஜாக்கிதான். மூன்றாம்கியருக்கு நன்றி.

நிற்கும் வண்டியில் எஞ்சினை ஏற்றினால் பின்னால் எதுவும் கேட்கவில்லை. இரைச்சல் நியூட்ரலில் உருளும்போதும் அப்படியே தொடர்கிறது. ஸ்டீயரிங்கை அசைத்தால் மாறுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பாலத்தின்மேல் சிமென்ட் தளத்துக்கு ஏறியவுடன் சுருதியே வேறாகிவிடுகிறது, இறங்கியதும் பழையபடி. இதை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

தட்டும் சத்தம், பிரேக்கை மிதித்தாலும் மாறவில்லை. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தபோது பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது.

'டங்' சத்தம்: மூன்று இரவுகள் ஹேண்ட் பிரேக் போடாமல், முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டு வைத்து நிறுத்தினேன். மூன்று காலையும் சத்தமில்லை. நான்காம் இரவு மழையில் ஹேண்ட் பிரேக்கோடு நிறுத்தியதும் காலையில் 'டங்'.

பட்டறைவாசி எழுதியது:

'டங்' தீர்ந்தது. ஈரத்தில் டிரம்மின் உட்புறம் மேலாகத் துருப்பிடித்து, ஹேண்ட் பிரேக்கால் அழுந்தியிருக்கும் பிரேக் ஷூவோடு ஒட்டிக்கொள்கிறது. வண்டி நகரும்போது பிய்த்துக்கொண்டு வரும் சத்தம் அது. அது மட்டுமே என்றால் கோளாறு அல்ல. ஆனால் ஒட்டிய சக்கரம் சிறிது தூரம் இழுத்துக்கொண்டே வந்தாலோ, டிரம் சூடானாலோ ஹேண்ட் பிரேக் கேபிளும் ஷூவை இழுத்துவைக்கும் ஸ்பிரிங்குகளும் அசையாமல் இறுகிப்போயிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

இரைச்சலுக்கு, பின் டயரின் ஓரத்தில் உள்ள ரப்பர் கட்டைகளின்மேல் உள்ளங்கையை வைத்து, உருளும் திசையில் ஒரு முறையும் எதிர்த்திசையில் ஒரு முறையும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பப் பல்லைப்போல விரலைப் பிடித்தால், கட்டைகள் ஒருபுறம் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. இழுவையில்லாத பின்சக்கரங்களில் இது அடிக்கடி நிகழும். உங்கள் பழைய ஷாக்குகள் வலுவிழந்து, டயர் சாலையில் துள்ளித் துள்ளி ஓடியிருந்தால் இன்னும் கூடுதலாக நிகழும். பிறகு, பின் டயர்களை அதே பக்கத்து முன் டயர்களோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். பக்கம் மாற்றாதீர்கள், சில டயர்களுக்குச் சுழலும் திசை குறிப்பிடப்பட்டிருக்கும். இரைச்சல் முன்னால் வந்துவிட்டால் டயர், பின்னாலேயே இருந்தால் பேரிங். பேரிங் வாங்கிப் பூட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இதுதான்.

தட்டும் சத்தத்தைப் பற்றி ஒரு கேள்வி; யோசித்துச் சொல்லுங்கள். ஷாக் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்தச் சத்தம் அதே சத்தம்தானா?

தள்ளுவண்டி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பின்சக்கர இழுவை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் ஊளையிடுகிறது, காலை எடுத்தால் ஊளை நின்றுவிடுகிறது. நிறுத்தத்தில் முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றும்போது ஒரு 'டக்'. இதுவும் டயராக இருக்குமா?

முறுக்குச்சாவி எழுதியது:

இராது. மிதித்தால் ஒரு விதமாகவும் விட்டால் ஒரு விதமாகவும் கேட்கும் ஊளை, இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கரங்களில் பாரம் மாறுவதால் வருவது. டயருக்கும் சக்கர பேரிங்குக்கும் உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. முதலில் டிஃபரன்ஷியலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். கியர் மாற்றும்போது வரும் 'டக்' ஓசைக்கு எஞ்சின் விசையைப் பின்னால் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டை, அதாவது யுனிவர்சல் ஜாயின்ட்டை, கையால் முறுக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பு: டிஃபரன்ஷியலின் பல்விகிதம் 4 என்றால் அந்த ஷாஃப்ட் சக்கரத்தைப்போல நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும், ஆகவே அதன் அதிர்வு சக்கர அதிர்வைவிட மிகப் பொடியாக, வேகமாக இருக்கும். இதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது.

பின்னிருக்கைவாசி எழுதியது:

டயர்களைத் தடவிப் பார்த்தேன். ரம்பப் பல் என்ற உவமை மிகையில்லை. மேலிருந்து கீழே கை வழுக்கிப் போகிறது. கீழிருந்து மேலே தடவினால் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் தனித்தனியாக விரலில் தட்டுகிறது. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு 60-இல் ஓட்டியபோது, இரைச்சல் காலடிக்கு வந்துவிட்டது. ஸ்டீயரிங்கில்கூட இலேசான கூச்சம். பின்னிருக்கையில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை.

இனி, கேட்ட கேள்விக்கு விடை. நான் இங்கே முதலில் எழுதியது முழு உண்மையில்லை என்று இப்போது புரிகிறது. ஷாக் மாற்றுவதற்கு முன் வந்தது 'பொத், பொத்' என்ற மந்தமான ஓசை. இரு பக்கமும் வந்தது. மாற்றிய பிறகு வருவது இடப்பக்கம் மட்டும், அதுவும் இரும்பில் இரும்பு படும் 'டொக்'. சத்தம் தொடர்ந்து இருந்ததால் அதே சத்தம் தொடர்கிறது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பட்டறைவாசி எழுதியது:

நினைத்தேன். அப்படியானால் பட்டறையில் ஷாக்கைக் குறை சொன்னது தவறில்லை. அந்தப் பழைய 'பொத்' அங்கேதான் தீர்ந்தது. புதிய 'டொக்' அந்த வேலையிலேயே பிறந்திருக்கிறது.

உங்கள் வண்டியில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஷாக்கின் போல்ட்டைக் கழற்றினால் குறுக்கு அச்சு கீழே இறங்கிவிடும். ஸ்பிரிங் தளர்ந்து, சில வேளைகளில் கையோடு வந்துவிடும். திரும்ப வைக்கும்போது ஸ்பிரிங்கின் முனை, அதற்கென உள்ள பள்ளத்தின் முடிவில் போய் முட்டி உட்காரவேண்டும். ஸ்பிரிங்குக்கும் இரும்புத் தட்டுக்கும் இடையில் ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். அது கிழிந்தாலோ நகர்ந்தாலோ இரும்பும் இரும்பும் சந்திக்கும். பின்னால் ஆள் ஏறினால் ஸ்பிரிங் அழுந்தி இடத்தில் உட்கார்ந்துவிடும், சத்தம் குறையும். ஷாக்கின் மேல்முனை தளர்ந்திருந்தால் பாரத்துக்கு இவ்வளவு மசிந்திருக்காது. இதே அறிகுறி, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முறிந்திருந்தாலும் வரும். அழுக்குக்கு அடியில் அந்த முறிவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அங்கே பாருங்கள்.

பார்க்கும் விதம் முக்கியம். சமதளமான, கெட்டியான தரையில், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டு வையுங்கள். உங்கள் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது; அவை மேலே எழும்பிய பிறகு அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஜாக்கியால் தூக்கி, உற்பத்தியாளர் குறித்த இடங்களில் தாங்கிகளை நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் இறக்கிய பிறகே கையை உள்ளே விடவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்பிரிங் பாரத்தில் இருக்கும்போது ஷாக் போல்ட்டை நீங்களாகக் கழற்றவேண்டாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்னிருக்கைவாசி எழுதியது:

சொன்னபடி தூக்கி வைத்து, டார்ச்சோடு பார்த்தேன். வலப்பக்கம் ஸ்பிரிங்கும் தட்டும் ஒரே புழுதி நிறம். பல ஆண்டுச் சேறு காய்ந்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. இடப்பக்கத்தில் கீழ்த்தட்டின் ஓரத்தில் மட்டும் விரல்நகம் அளவுக்கு ஓர் இடம் துருவும் அழுக்கும் இல்லாமல், புதுக் காசுபோல மின்னியது. அதற்கு நேர்மேலே ஸ்பிரிங்கின் முனையிலும் அதே அளவு பளபளப்பு. முனை, பள்ளத்தின் முடிவில் இல்லை. ஏறத்தாழ மூன்று விரல்கடை விலகி, விளிம்பின்மேல் ஏறி நிற்கிறது. ரப்பர் வட்டு நடுவில் கிழிந்து, ஒரு பாதி பக்கவாட்டில் பிதுங்கி இருக்கிறது. ஸ்பிரிங் முறியவில்லை.

படம் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றுமே பேசாமல் அந்த இரண்டு பளபளப்புகளையும் பட்டறையில் காட்டலாம் என்று இருக்கிறேன்.

மூன்றாம்கியர் எழுதியது:

பேசிவிடுங்கள், ஆனால் மெதுவாக. புது ரப்பர் வட்டை இரு பக்கமும் போடச் சொல்லுங்கள்; ஒரு பக்கம் கிழிந்தது என்றால் மறுபக்கமும் அதே வயதுதான்.

இரும்புக்கை எழுதியது:

இரைச்சல் விஷயத்தில் நான் சொன்னது தவறாகிவிட்டது; ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பின்புறம் மேலே இருக்கும்போதே ஒரு வேலை செய்யலாம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு கையை ஸ்பிரிங்கின்மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். பேரிங்கில் சொரசொரப்பு இருந்தால், காதுக்குக் கேட்காவிட்டாலும் ஸ்பிரிங் வழியாகக் கைக்குத் தெரியும். பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

பின்னிருக்கைவாசி எழுதியது:

செய்தேன். ஆட்டம் எங்கும் இல்லை. வலப்பக்கம் ஸ்பிரிங்கில் எதுவும் தெரியவில்லை. இடப்பக்கம் ஒரு சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் மணலைத் தேய்ப்பதுபோல 'ஸ்ஸ்' என்று தொடங்கி மறைகிறது. இரும்புக்கை சொன்னது கடைசியில் சரிதானோ?

பட்டறைவாசி எழுதியது:

நல்ல சோதனை, நான் சொல்ல மறந்தது. ஆனால் ஒரு சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் உரசுவது பெரும்பாலும் பிரேக் ஷூ, டிரம்மின் மேடான இடத்தைத் தொடுவதால் வருவது. பேரிங் கெட்டால் சொரசொரப்பு சுற்று முழுவதும் பரவியிருக்கும். சந்தேகம் தீர, டிரம்மைக் கழற்றிவிட்டு வெறும் ஹப்பை, அதாவது சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியை, சுழற்றிப் பார்க்கவேண்டும். சில வண்டிகளில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு, பேரிங்கும் அதற்குள்ளேயே இருக்கும். அப்படியானால் ஷூவை உள்ளிழுக்கும் வகையில் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டுச் சுழற்றுங்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் உள்ளே இருக்கும் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். ஷாக்கின் கீழ் போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினார்கள்? சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியவுடன் அந்த ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும், அதற்குமுன் முனகத் தொடங்கும். வண்டி தன் பாரத்தில் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கம் கொடுக்கவேண்டும். எங்கள் தொழிலில் அவசரத்தில் விட்டுவிடும் வேலைகளில் இது முதலிடம் பெறும். சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. புஷ் முனகினால் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சிறிது நேரம் முனகல் நின்றால் எந்த புஷ் என்று தெரிந்துவிடும், ரப்பருக்கும் கேடில்லை.

பின்னிருக்கைவாசி எழுதியது:

நான்கு நாள் ஓட்டிவிட்டு எழுதுகிறேன். படத்தைப் பார்த்ததும் பட்டறைக்காரர் மறுவார்த்தை பேசவில்லை. ஸ்பிரிங்கை இறக்கி, இரு பக்கமும் புது ரப்பர் வட்டு வைத்து, முனையைப் பள்ளத்தின் முடிவுவரை திருப்பி உட்காரவைத்தார். கீழ் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு மறுபடி இறுக்கினார். தளர்த்தியபோது இடப்பக்க புஷ் 'டக்' என்று தன் நிலைக்குத் திரும்பியதை நானே பார்த்தேன். டிரம்மைக் கழற்றிச் சுழற்றியதில் ஹப் சத்தமில்லாமல் சுற்றியது. 'ஸ்ஸ்' என்பது டிரம்மின் விளிம்பில் துரு மேடு ஏறிய ஓர் இடம். சுத்தம் செய்ததும் போய்விட்டது. பேரிங்குகள் அப்படியே இருக்கின்றன.

டயர் இரைச்சல் முன்னால் இன்னும் இருக்கிறது. ஷாக் புதிது என்பதால் சாய்வுத் தேய்மானம் இனி அதிகமாகாது, முன்னால் ஓட ஓட ஓரளவு சமமாகலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். 5,000 கிலோமீட்டர் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன்.

இப்போது பின்புறத்திலிருந்து கேட்பது ஒன்றே ஒன்று. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், பின்னிருக்கைக்கு அடியில் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் எழுந்து அடங்குகிறது. பதறி இங்கே எழுத வந்தேன். பாதி எழுதியபோது அது பெட்ரோல் பம்ப், 15 ஆண்டாக அப்படித்தான் ஒலிக்கிறது என்பது நினைவுக்கு வந்து அழித்துவிட்டேன்.